எதைத் தேடினாலும் ஜெட்டா

எங்கள் கம்பெனியில் ஓய்வுபெற்றவர்களும் இப்போது வேலையில் இருப்பவர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்தும், திருமலையில் இன்றைக்குக் கூட்டம் எப்படி என்பதும்தான் ஓடும். போன மாதம், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கார்த்திகா என்ற பெண் ஒரு செய்தி போட்டாள். வாயால் கேட்டாலே ஃபைலை எடுத்துக் கொடுக்கிற மென்பொருள் கம்பெனிக்கு வந்துவிட்டதாம். “சார், உங்க காலத்துல எப்படித்தான் தேடுனீங்க?” என்று என்னைக் கேட்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக “ஜெட்டா”, “ஜெட்டா” என்று போட்டு, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக இறக்கிவிட்டார்கள். பாவம், அந்தப் பெண்ணுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் முனிரத்தினம், ஊர் புத்தூர். நான் திருப்பதியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்த நேரத்தில்தான் நாடு வெளியுலகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவு வழியாக எங்கள் பக்கத்துக்குள் வந்தவர்களைவிட வெளியே போனவர்கள்தான் அதிகம். என்னோடு படித்தவர்கள் பெங்களூர், மெட்ராஸ் என்று கிளம்பினார்கள். கெட்டிக்காரர்கள் அமெரிக்காவுக்கே போனார்கள். நான் நடுத்தரக் கெட்டிக்காரன் என்பதால் மெட்ராசோடு நின்றேன். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் கட்டில். மனைவியும் குழந்தையும் புத்தூரில். வாரக் கடைசியில் ரயில் பிடித்து ஓடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் என்னைப் பார்த்து “மாமா” என்று கூப்பிட்டாள். வீட்டுக்கு வருகிற ஆண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே சித்தூர்ப் பக்கம் வேலை தேட ஆரம்பித்துவிட்டேன்.

கிடைத்தது ஒரு மாம்பழக்கூழ் கம்பெனி. கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்கி, டிரம்மில் அடைத்து, கண்டெய்னரில் ஏற்றி அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புவார்கள். சித்தூருக்கு வெளியே பெரிய ஆலை, திருப்பதிப் பக்கம் பரிசோதனைக் கூடத்தோடு இன்னொரு ஆலை, சென்னையில் முதலாளியின் ஆபீஸ். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். பழம் எங்கே வாங்கியது, புளிப்பு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு, டிரம் எப்போது மூடியது, கப்பல் எது என்று எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும். சித்தூர் ஆலையின் மாடியில் இருந்த ஏற்றுமதி ஆவணப் பிரிவுதான் இதைப் பார்த்துக்கொண்டது. அதன் தலைவி வசந்தா. நகரிக்காரர். கணவர் நகரியில் விசைத்தறி வைத்திருந்தார். வசந்தாவும் அந்தப் பிரிவின் மற்ற ஆட்களும் நகரி, புத்தூர், கார்வேட்டிநகரம் என்று வழியெல்லாம் ஏறி, கம்பெனி பஸ்ஸில் வந்து போவார்கள். நானும் அதே பஸ்தான். வேலையைவிட அந்தப் பஸ்ஸில் நடந்த கூத்தை எழுதினால் தனிப் புத்தகமே போடலாம்.

எங்கள் மேனேஜர் பிரபாகர் சார் திருப்பதிக்காரர். தெலுங்கு அவர் தாய்மொழி, தமிழ் எங்களோடு பழகிப் பிடித்துக்கொண்டது. வேலையைப் பற்றிப் பேசும்போது உட்காரவே மாட்டார். மெயில் வந்தால் நின்றபடி உரக்கப் படிப்பார். எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிற ஆள் இல்லை. காலையில் கேட்டதையே மதியம் கேட்பார், சாயங்காலமும் கேட்பார். மூன்று தடவையும் ஒரே பதில் வந்தால்தான் தலையாட்டுவார். சந்தோஷமாக இருந்தால் “ஏமய்யா முனி” என்பார். கோபம் வந்துவிட்டால் மரியாதை ஏறிவிடும். “முனிரத்தினம் காரு” என்று அவர் வாயிலிருந்து வந்தால் நான் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்ப்பேன்.

ஒருநாள் சாரே ஒரு மெயிலை உரக்கப் படிக்காமல், மனசுக்குள் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதே தெரிந்துவிட்டது, விஷயம் பெரிது என்று. முதலாளியின் மகள் நிவேதா மேடம் சென்னை ஆபீசைப் புதிதாக ஏற்றிருந்தார். வெளிநாட்டிலிருந்து யாராவது ஒரு பழைய காகிதம் கேட்டால் சித்தூரிலிருந்து போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகிறது, இது சரிப்படாது, ஆவணப் பிரிவை மொத்தமாகச் சென்னைக்கு மாற்றிவிடுகிறேன், வர முடிந்தவர்கள் வரட்டும் என்று எழுதியிருந்தார். பிரபாகர் சார் போனில் மன்றாடி ஒரு தவணை வாங்கினார். மாம்பழ சீசன் தொடங்குவதற்குள், சென்னையில் உட்கார்ந்தபடியே எந்த ஃபைலையும் தேடி எடுக்கும்படி செய்துவிட்டால் பிரிவு சித்தூரிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வசந்தா அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அண்ணா, தறிய தூக்கிக்கினு மெட்ராசுக்கு போவ முடியுமா? அவர் அங்க, நானு இங்கன்னு ரெண்டு வூடா ஆயிடும்” என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்னை ‘மாமா’ என்று கூப்பிட்ட குழந்தைதான் கண்ணுக்குள் நின்றது. இந்த வேலை எனக்கு அப்போதே சொந்த வேலையாகிவிட்டது.

அப்போது எங்கள் தேடல் எந்த லட்சணத்தில் இருந்தது என்று கார்த்திகாவுக்குச் சொல்ல வேண்டும். ஃபைல்கள் எல்லாம் பொதுவான ஒரு பெரிய சேமிப்பகத்தில் இருந்தன. ஆனால் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் தனித்தனியாக அதற்குள் போய், எது எங்கே இருக்கிறது என்று தனக்குத் தனியாக ஓர் அட்டவணை, அதாவது இண்டெக்ஸ், போட்டுக்கொள்ளும். காலையில் எல்லாரும் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் சேமிப்பகத்தின் மேல் பாயும். தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும் மொத்தத் தெருவும் குடத்தோடு ஓடி வந்த மாதிரி. காபி குடித்து முடித்தும் ஒரு ஃபைல் திறக்காது.

நான் செய்ய நினைத்தது எளிதான விஷயம். ஒரே ஒரு சர்வர். அது மட்டும் போய் எல்லா ஃபைலையும் படித்து ஒரே ஓர் இண்டெக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் சேமிப்பகத்தைத் தொந்தரவு செய்யாமல் அந்தச் சர்வரிடம் கேட்டால் போதும். சித்தூரில் கேட்டாலும், திருப்பதியில் கேட்டாலும், சென்னையில் கேட்டாலும் ஒரே பதில்.

அதற்கென்று ஒரு நல்ல மெஷினை வாங்கி, இண்டெக்ஸுக்குத் தனி டிஸ்க் ஒதுக்கினேன். சர்வர் ஃபைல்களைப் படிப்பதற்காகவே ஒரு கணக்கு உண்டாக்கினேன். அதற்குப் படிக்க மட்டும்தான் அனுமதி, எழுதவோ அழிக்கவோ கூடாது. யாருக்கு எந்த ஃபைலைத் திறக்க உரிமை இருக்கிறதோ அது மட்டும்தான் அவர்கள் தேடலில் வரவேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தேன். இல்லாவிட்டால் சம்பளப் பட்டியல் கேன்டீன் வரைக்கும் போய்விடும். ஸ்கேன் செய்து வைத்த காகிதங்களில் சர்வருக்குப் படம்தான் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் முதலில் அந்தப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க ஒரு வேலையை ஓடவிட்டேன். பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் ரிப்போர்ட் ஏற்றுகிற நேரத்தில் சர்வர் குறுக்கே வராமல் நேரம் பிரித்தேன். எல்லாரும் பார்க்கிற பொது ஃபோல்டரை வைத்துத்தான் முதல் சோதனை. மேனேஜர் காலையில் கேட்டார், மதியம் கேட்டார், சாயங்காலம் கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில். “பாகுந்தி ஏமய்யா முனி” என்றார்; நன்றாக இருக்கிறதாம்.

அந்த முதல் சோதனையில் எல்லாரும் என்ன தேடினார்கள் தெரியுமா? கம்பெனி வேலையையா தேடுவார்கள்! அவரவர் பெயரைத்தான் தேடினார்கள். மேனேஜரும் ‘மேனேஜர்’ என்று தேடினார். ஒரு ஃபைல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக் குழு என்று ஆவணப் பிரிவுக்காரர்கள் ஒன்று வைத்திருந்தார்கள். யார் என்றைக்கு என்ன குழம்பு கொண்டுவருவது என்று பொது ஃபோல்டரில் போட்டு வைத்திருப்பார்கள். சார் வழக்கம்போல நின்றபடி உரக்கப் படித்தார். “மேனேஜர் ரவுண்டு வரும் நாளில் கருவாடு கூடாது.”

வசந்தா முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டார். சார் ஒவ்வொருவராகப் பார்த்தார். “ஏன்? திருப்பதிக்காரன்னா சைவம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? இத்தன வருஷமா அந்த வாசன வந்தா நேனு என் ரூம்ல உக்காந்து தயிர்சாதம் துன்னுக்கினு இருக்கேன். ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, கேட்டீங்களா?” என்றார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. மறுநாளிலிருந்து சார் டிபன்பாக்ஸோடு எங்கள் மேஜைக்கு வந்துவிட்டார். சர்வர் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

அடுத்து ஆவணப் பிரிவின் ஃபோல்டர்களை இண்டெக்ஸில் சேர்த்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நெதர்லாந்துக்குப் போன ஒரு சரக்கின் பெயரைக் கொடுத்துத் தேடினால் சவூதியின் ஜெட்டா துறைமுகத்துக்குப் போன சரக்கின் காகிதங்கள் வந்தன. ஒன்று, இரண்டு இல்லை, பக்கம் பக்கமாக. குவைத் என்று தேடினாலும் ஜெட்டா. லண்டன் என்றாலும் ஜெட்டா. இண்டெக்ஸ் டிஸ்க் நிறைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. சில இடங்களில் சர்வர் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிப் போய், பாதை நீண்டு நீண்டு, ஒரு கட்டத்துக்குமேல் இறங்க முடியாமல் நின்றுவிட்டது. சார் வந்து எட்டிப் பார்த்தார். “முனிரத்தினம் காரு, தாங்கள் தயவுசெய்து இதைச் சற்று விளக்க முடியுமா?” என்றார். நான் மேஜைக்கு அடியைப் பார்த்தேன்.

நெதர்லாந்து ஃபோல்டரை நானே திறந்து பார்த்தேன். அதற்குள் முந்தைய வருடத்துக் குவைத் ஃபோல்டர் அப்படியே இருந்தது. அதற்குள் அதற்கு முந்தைய வருடத்து லண்டன். திறந்துகொண்டே போனால் கடைசியில் ஜெட்டா. இன்னொரு ஃபோல்டரைத் திறந்தேன். அதன் அடியிலும் ஜெட்டா. பிரிவில் இருந்த எந்த ஃபோல்டரைத் தோண்டினாலும் அடியில் ஜெட்டா உட்கார்ந்திருந்தது.

வசந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு நான் ஏன் பதறுகிறேன் என்றே விளங்கவில்லை.

“அது ராசியான ஃபோல்டர்ண்ணா. நான் மொத மொதல்ல அனுப்புன கண்டெய்னரு ஜெட்டாவுக்குத்தான் போச்சி. ஒரு கொறை வரல, ஒரு கேள்வி வரல. அதனால புது ஆர்டர் வந்தா ஜெட்டாவ காபி பண்ணி, அதுக்குள்ள புது பேப்பருங்கள போடுவோம். அடுத்த வருஷம் எது நல்லா போச்சோ அத காபி பண்ணுவோம். அதுக்குள்ள ஜெட்டாவும் இருக்குமில்ல?”

“எல்லாருமா இப்படிச் செய்றீங்க?”

“பின்ன? ஒரு வருஷம் ஒரு பொண்ணு காபி பண்ணாம சும்மா புதுசா ஃபோல்டர் போட்டுச்சி. இன்னா ஆச்சி? டிரம்மெல்லாம் உப்பிக்கினு துறைமுகத்துலயே நின்னுச்சி. அப்பறம் யாருக்கு தைரியம் வரும்?”

தலையில் கைவைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். சென்னை ஆபீசின் கம்ப்யூட்டர் ஆலோசகர் ஒருவரும் போனில் இருந்தார். அவர் ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை. ஒரே பெயரில் இருக்கும் ஃபைல்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள், ஒரு நாள் வேலை என்றார். போனை வைத்த பிறகு சார் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “முனி, தேடலும் சரியா வரணும். ஆனா ஜெட்டா மேல கை வெக்காதே. சீசன் வர்ற நேரம்” என்றார். அவரும் அந்தக் கட்சிதான் என்று அப்போதுதான் தெரிந்தது!

வசந்தாவும் அவர் ஆட்களும் வாசலில் நின்றிருந்தார்கள். “ஜெட்டா போனா சீசன் போவும். ஜெட்டா இருந்தா நாங்க மெட்ராஸ் போவணும். இன்னா பண்றதுண்ணா?” என்று கேட்டார் வசந்தா. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்கள் மேல் கோபமே வரவில்லை. ஒரு கண்டெய்னர் திரும்பி வந்தால் எத்தனை பேருடைய உழைப்பு வீணாகும் என்று தெரிந்தவர்கள் பயப்படத்தானே செய்வார்கள்.

அழிப்பதற்கு முன்னால், ஒரே பெயரில் உள்ள ஃபைல்கள் உண்மையிலேயே ஒன்றுதானா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்தை வைத்து ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு குறியீட்டை உண்டாக்க முடியும். நம் கைரேகை மாதிரி. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் ரேகையும் ஒன்றாக இருக்கும், ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். அதை ஓடவிட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒன்றேதான். ஆனால் அங்கங்கே சில ஃபைல்களுக்குப் பெயர் மட்டும் பழையது, உள்ளே இருப்பது புதியது. வேலை அவசரத்தில், காபி செய்த ஜெட்டா ரிப்போர்ட்டைத் திறந்து, அதன் மேலேயே புது ரிப்போர்ட்டை எழுதிச் சேமித்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்து அழித்திருந்தால் அந்தப் புது ரிப்போர்ட்டெல்லாம் அன்றைக்கே போயிருக்கும்.

அதனால் ஒன்றையும் அழிக்கவில்லை. ஒரே ரேகை உள்ளவற்றை இண்டெக்ஸில் ஒரு முறை மட்டும் எழுது, தேடினால் ஒரு முறை மட்டும் காட்டு என்று சர்வருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ரேகை வேறாக இருந்தால், பெயர் எதுவாக இருந்தாலும், அதைத் தனி ஃபைலாக எடுத்துக்கொள்ள வேண்டும். பாதை நீண்டு சர்வர் நின்றுபோன இடங்களில் நடுவழியிலிருந்து புதிதாக ஒரு நுழைவாசல் வைத்து உள்ளே அனுப்பினேன். இண்டெக்ஸ் சுருங்கியது, சிவப்பு விளக்கு அணைந்தது. மேனேஜர் காலையில் லண்டன் கேட்டார், லண்டன் வந்தது. மதியமும் வந்தது. சாயங்காலம் லண்டன் வந்தபோது என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் எனக்குத்தான் பெரிய துண்டு.

சீசன் தொடங்கும் முன் நிவேதா மேடம் சென்னையிலிருந்து சோதித்துப் பார்க்கும் நாள் வந்தது. ஹால் நடுவில் ஸ்பீக்கர் போனை வைத்துச் சுற்றி நின்றோம். அந்தப் பக்கம் அவர் கீபோர்டில் தட்டுவது கேட்டது. சுலபமானது எதையும் அவர் கேட்கவில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர், முன்பு ஒரு வருடம் வந்த சரக்கில் புளிப்பு அதிகமாக இருந்தது என்று இப்போது புகார் கிளப்பியிருக்கிறார், அந்தச் சரக்கின் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும் என்று சொல்லி, சரக்கின் எண்ணைத் தட்டினார்.

வசந்தா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரிந்திருக்காது.

“ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு” என்றது போன். அவர் அதைத் திறந்து படித்தார். “இதேதான். புளிப்பு சரியான அளவுலதான் இருந்திருக்கு.” பிறகு சிரித்தார். “உண்மையச் சொல்றேன் சார், இது கெடைக்காதுன்னு நெனச்சித்தான் இதக் கேட்டேன். போன வாரம் இங்க ரெண்டு பேர் ஃபைல் பேரப் பாத்து தேடிட்டு விட்டுட்டாங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். ஃபைலோட பேர் ஏன் ஜெட்டா ரிப்போர்ட்னு இருக்கு? இது ஏன் ஜெட்டாவுக்குள்ள ஜெட்டாவுக்குள்ள ஜெட்டாவுல இருக்கு?”

எல்லாரும் மேனேஜரைப் பார்த்தோம். அவர் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “அது எங்களுடைய ஃபைலிங் முறை மேடம்” என்றார்.

“சரி, நல்ல முறைதான்போல” என்றார் மேடம். “அப்படின்னா யாரும் இங்க வரவேணாம். எல்லாரும் அங்கேயே இருங்க. சீசன நல்லபடியா ஆரம்பிங்க.”

போன் வைத்த சத்தம் கேட்டதோ இல்லையோ, ஹாலில் கத்தின கத்தலில் கீழே சீசனுக்காக மெஷின் கழுவிக்கொண்டிருந்தவர்கள் தீ பிடித்துவிட்டதென்று படியேறி ஓடி வந்துவிட்டார்கள். பிரபாகர் சார் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், அதில் என்ன வெட்கம்.

வசந்தா ஸ்பீக்கர் போனிலேயே நகரிக்குப் போட்டார். அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் கணவர் எடுத்தார். பின்னால் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

“போவல!” என்று கத்தினார் வசந்தா. “மெட்ராசுக்கு போவல! இங்கயேதான்!”

தறிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு தறி நின்றது. கொஞ்சம் கழித்து இன்னொன்று நின்றது. அந்தக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த தறியெல்லாம் ஒவ்வொன்றாக நின்று, கடைசித் தறியும் ஓய்ந்த பிறகு, அவர் மெதுவாகப் பேசினார்.

“மொதல்லயே கேட்டுச்சிமே. சும்மா இன்னொரு தபா சொல்லு.”